ஒரு ஊருக்கு ஒரு சீலை

கோயிலில் வைத்துப் பெண் பார்க்கும் வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் வீட்டுப் படலையில் போய் நின்று, நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். எங்கள் பகுதியில் அது பெரிய நாகரிகம். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்து பலகாரம் தின்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால் இரண்டு பகுதிக்கும் மானக்கேடு. ஆகவே வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளையின் தாய் யாரோ ஊர் தெரியாத ஆளைப்போல ஒரு தூணோடு நின்று பார்ப்பார். பிடித்தால் தரகர் வீட்டுக்கு வருவார். பிடிக்காவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். சந்தையில் மாடு பார்க்கிறவன்கூட மாட்டுக்கு முன்னால் வந்து நின்று பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். எங்களுக்கு அந்த மரியாதையும் இல்லை.

இதில் இன்னொரு விசேஷம், பார்க்கப்படுகிற பெண்ணுக்கு அது தெரியக்கூடாது. தெரிந்தால் நடை மாறிவிடுமாம். அப்படியென்றால் நூறு பெண்கள் நிற்கிற கோயிலில் ஆளை எப்படி அடையாளம் காண்பது? சீலையால்தான். ‘பிள்ளை இன்ன நிறச் சீலை உடுத்துக்கொண்டு வரும்’ என்று தரகர் முன்கூட்டியே சொல்லி அனுப்புவார். முகத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

இந்த வழக்கத்தால் எனக்கு வந்த சம்பந்தம் ஒன்று தவறிப்போனது. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. ஆனால் அதைச் சாட்டாக வைத்து, ஒரு மனிதரின் பிழைப்பில் நாங்கள் மண்ணை அள்ளிப் போட்டோம். நாங்கள் என்றுதான் சொல்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு விசர் பிடிக்கிறது.

அவர் மோட்டார்சைக்கிளில் சீலை கொண்டுவந்து விற்கிறவர். தொண்ணூறுக்குப் பிந்திய போர்க்காலம் அது, எரிபொருளுக்குத் தடை. பெற்றோல் மருந்துப் போத்தல்களில் தெருவோரம் விற்கப்பட்டது. மோட்டார்சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் ஊசி போடுகிற சிரிஞ்சால் நாலு துளி பெற்றோல் விடவேண்டும், எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அவரும் அப்படித்தான் புகை கக்கிக்கொண்டு அரியாலையிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் ஊருக்கு வருவார். எங்கள் ஊர் இணுவிலுக்குக் கிட்ட. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள்.

சந்தியில் ஒரு மதகு இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு பூவரசு. மோட்டார்சைக்கிளை மதகடியில் நிறுத்தி, ஹாண்டிலிலிருந்து பூவரசுக்கு ஒரு கயிறு கட்டுவார். பின்கரியரில் குறுக்காக ஒரு பலகை பொருத்தியிருந்தார். அதில் சட்டைத்துணி, உள்பாவாடை, சாறம் எல்லாம் அடுக்கியிருக்கும். சீலைகள் கயிற்றில் தொங்கும். எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் மணம். அவரிடம் வாங்கிய சீலையை இரண்டு நாள் காற்றாடப் போடாமல் உடுத்தால், பக்கத்தில் நிற்கிறவர் நெருப்புப் பெட்டியை ஒளித்து வைப்பார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

எண்பத்திமூன்றுக் கலவரத்துக்கு முன்பு தெற்கில் ஒரு சின்னப் பட்டினத்தில் அவருக்குச் சொந்தமாகப் புடவைக்கடை இருந்ததாம். அது எரிந்தபோது உடுத்த சாறத்தோடு கப்பலில் வந்து இறங்கியவர். மனைவியின் காப்பை விற்று அந்தப் பழைய மோட்டார்சைக்கிளை வாங்கியிருந்தார். மூன்று பிள்ளைகள். அரியாலையில் மனைவியின் தமக்கை வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தார்கள். தரைப்பாதை மூடிக்கிடந்ததால் கிளாலிக் கடலால் வள்ளத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய், வவுனியாவில் சீலை எடுத்துக்கொண்டு வருவார். அவர் போகிற ஊர்களில் எங்கள் ஊர்தான் பெரிய ஊர், வாங்குகிற ஊர். அதை அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார்.

“உங்கடை சந்தி இல்லாட்டில் என்ரை அடுப்பு எரியாது, தங்கச்சி.”

எங்கள் ஊர்ப் பெண்கள் அவரைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். நான் சந்திக்கு அங்கால் இருந்த சின்னப் பாலர் பள்ளியில் படிப்பித்தேன். போகவர எல்லாவற்றையும் பார்ப்பேன். முப்பது சீலையை உதறி விரித்து, ஒன்றைத் தோளில் போட்டு, மற்றதை இடுப்பில் செருகி, “சாயம் போகுமோ? சுருங்குமோ?” என்று குடைந்து, கடைசியில் “அடுத்த கிழமை பாப்பம்” என்று போய்விடுவார்கள். அவர் முப்பதையும் திரும்ப மடிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். “வாங்கிறதெண்டால் வாங்குங்கோ, இல்லாட்டில் அந்தாளை விடுங்கோ” என்று இரண்டொரு தரம் சத்தம் போட்டும் இருக்கிறேன். ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு சீலையை ஓர் ஊரில் ஒருவருக்குத்தான் விற்பார். அதே நிறம், அதே கரை உள்ள சீலை இன்னொன்று இருந்தால் அதை வேறு ஊருக்குக் கொண்டுபோவார். எங்கள் ஊரில் ஒருத்தி உடுத்த சீலையை மற்றவள் உடுத்தால் அது வருடக்கணக்கில் நீளும் பகை. மதில் ஏறிச் சண்டை பிடிப்பார்கள். அவருக்கு அது தெரியும். “ஒரு ஊருக்கு ஒரு சீலை. கோயில் வாசலிலை நிண்டு சத்தியம் பண்ணுவன்” என்பார். அந்த வாக்குக்காகத்தான் மண்ணெண்ணெய் மணத்தையும் சகித்துக்கொண்டு அவரிடம் வாங்கினார்கள். கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அவருக்கு இருந்த முதல் அந்த ஒரு சொல்தான்.

ஐப்பசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மதகடிக்குப் போனார். மாம்பழ மஞ்சளில் கத்தரிப்பூக் கரை போட்ட ஒரு சீலையைக் காட்டினார். ஒழுங்கையின் அந்தத் தொங்கலில் வந்தாலும் கண்ணில் குத்துகிற நிறம்.

“தம்பி, உந்தச் சீலை எங்கடை ஊரிலை வேறை ஆருக்கும் குடுத்தனீரோ?”

“இல்லையக்கா. இனிக் குடுக்கவும் மாட்டன்.”

“வடிவாச் சொல்லும்.”

“சொன்னாச் சொன்னதுதானக்கா.”

வாங்கிவிட்டார். விலை பேசவில்லை. கத்தரிக்காய்க்கே கால் மணித்தியாலம் பேரம் பேசுகிற என் அம்மா, சொன்ன விலைக்கு ஒரு சீலை வாங்கினார். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். சீலையின் வடிவில் மயங்கிப்போய் நின்றுவிட்டேன். தென்மராட்சியிலிருந்து ஒரு தாய் வெள்ளிக்கிழமை வந்து என்னைப் பார்க்கப் போகிறார், மஞ்சள் சீலை என்று தரகர் சொல்லியாயிற்று, இவை எல்லாம் எங்கள் வீட்டு மாட்டுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

பின் ஒழுங்கையில் என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அரிவரியிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். என்னைவிட உயரம், அமைதியான பிள்ளை. நான் பத்துச் சொல் சொன்னால் அவள் ஒரு சொல் சொல்வாள். சீலையைப் பார்த்ததும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “எனக்கும் உதே மாதிரி இருந்தால் ரண்டு பேரும் சோடியாக் கோயிலுக்குப் போகலாம்” என்றாள். ஒருநாளும் எதையும் கேட்காதவள் கேட்டதால் எனக்குப் பெரிய உற்சாகம் வந்துவிட்டது. பெரியவர்கள் சீலைக்காகச் சண்டை பிடிப்பார்கள். நாங்கள் அப்படியானவர்கள் இல்லை என்று காட்டவேண்டும் என்ற வீம்பும் இருந்தது.

அடுத்த நாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு, அவர் புதன்கிழமைகளில் நிற்கிற பக்கத்து ஊர்ச் சந்திக்குப் போனேன்.

“அண்ணை, நேற்று அம்மா எடுத்த சீலை மாதிரி இன்னொண்டு வேணும்.”

“இருக்குத்தான். அது வேறை ஊருக்கு, தங்கச்சி.”

“அதை எனக்குத் தாங்கோ. என்ரை சிநேகிதிக்கு.”

“ஏலாது. அம்மாவுக்கு வாக்குக் குடுத்திட்டன்.”

“சீலை உடுக்கிறது நான். எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கென்ன?”

“அம்மாவைக் கேட்டனீங்களோ?”

“நான் என்ன பால்குடிப் பிள்ளையே, எல்லாத்துக்கும் அம்மாவைக் கேக்க? தராட்டில், எங்கடை ஊரிலை இனி ஒருத்தரும் உங்களிட்டைச் சீலை வாங்காமல் பண்ணிப்போடுவன்.”

பகிடிக்குத்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் ஏற்கெனவே ஒரு கடையைப் பறிகொடுத்த மனிதருக்கு அது பகிடியாகப் படவில்லை. கையிலிருந்த சாறத்தை மடித்து வைத்தார். பிறகு பலகைக்குக் கீழே இருந்த பொதியை அவிழ்த்து அந்தச் சீலையை எடுத்தார்.

“அம்மா கேட்டால் நீங்கள்தான் சொல்லவேணும், தங்கச்சி.”

“ஓம், ஓம். நான் சொல்லுறன்.”

‘ஓம்’ என்பதை இரண்டு தரம் சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அம்மா என்னைத் தோய வார்த்து, அந்தச் சீலையை உடுக்கச் சொல்லி, தலைக்குக் கனகாம்பரம் வைத்துவிட்டார். எனக்கோ சிநேகிதியைச் சந்திக்கிற அவசரம். தேர்முட்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். அதே மஞ்சள், அதே கத்தரிப்பூக் கரை. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு உள்ளே போனோம். எங்களுக்குப் பின்னால் வந்த அம்மாவின் முகம் வெளிறிப்போனதை நான் சிநேகிதியின் சீலையைக் கண்ட வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் திறந்து ஒன்றும் சொல்ல முடியாது, சொன்னால் பெண் பார்க்கிற இரகசியம் உடைந்துவிடும். முதலில் என்னைக் கிள்ளினார். பிறகு என் சிநேகிதியிடம், “பிள்ளை, உன்னை அம்மா வீட்டிலை தேடுறா போலை கிடக்கு” என்றார். அவள், “அம்மா உங்கைதான் நிக்கிறா, மாமி” என்று தன் தாயைக் காட்டினாள். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் அம்மாவின் சாம்பல் நிறச் சீலை.

பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது ஒரு பெரிய மனிதர், சால்வையும் சங்கிலியுமாக, வரிசையில் நின்ற பெண்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, பின்னாலை நிக்கிற நாங்கள் என்ன கல்லோ?” என்று கேட்டேன். கொஞ்சம் பலமாகத்தான் கேட்டேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் என் சிநேகிதி, தூணோடு நின்ற ஊர் தெரியாத ஒரு அம்மாவுக்குத் தன் கையிலிருந்த விபூதியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். எங்கள் வீட்டுக்கு அல்ல, பின் ஒழுங்கைக்கு. மஞ்சள் சீலைப் பிள்ளை நல்ல அடக்கம், உயரமும் காணும், தைமாதமே வைத்துக்கொள்ளலாம் என்றாராம். எங்கள் வீட்டில் செத்தவீடு மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் தெரியவந்தது. நான் குதித்த குதியில் கிடுகு வேலி ஆடியிருக்கும்.

“என்னட்டை ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ? என்னைக் காட்டப் போறியளெண்டு எனக்குச் சொன்னால் என்ன, வாய் வெந்துபோயிடுமோ?”

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். ஐயா, அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம், முற்றத்தில் உலாவினார். “அந்தச் சீலைக்காரன். ஒரு ஊருக்கு ஒண்டெண்டு சத்தியம் பண்ணிப்போட்டு, ரண்டு வித்திருக்கிறான்” என்றார். சித்தப்பாவும் வந்து சேர்ந்துகொண்டார்.

உள்ளதைச் சொல்கிறேன். ஊரில் அந்த ஒரு மஞ்சள் சீலைதான் இருந்திருந்தாலும், சால்வைக்காரரோடு நான் போட்ட சத்தத்தைக் கேட்ட பிறகு அந்தத் தாய் என்னை வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். சீலை ஒரு சாட்டு. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பெற்ற பிள்ளையின் வாய்தான் காரணம் என்று சொல்வதைவிட, அரியாலையிலிருந்து வருகிற ஒரு மனிதர்தான் காரணம் என்று சொல்வது இலேசு.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ‘இன்னொரு சீலையை நான்தான் வாங்கினேன்’ என்று ஒரே ஒரு வசனம். சொல்லவில்லை. என்னிடம் மறைத்தார்கள், நானும் மறைக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன். அதைவிடப் பயமும் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவரை முதலே சந்தித்து, ‘இந்தக் கிழமை வராதேங்கோ’ என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதையும் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை முதல்நாள் பெய்த மழை வீதியில் தேங்கிக் கிடந்தது. நான் பாலர் பள்ளிக்குப் போகையில் அவர் கயிறு கட்டி முடித்திருந்தார். நாலைந்து பெண்கள் சுற்றி நின்றார்கள். ஐயாவும் சித்தப்பாவும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். அம்மாவும் பின்னால் வந்து நின்றார்.

“என்ன ஐசே, ஒரு ஊருக்கு ஒரு சீலையோ?” ஐயா கேட்டார். “வாக்குக் குடுத்திட்டு வாக்கு மாறுறது என்ன பிழைப்பு?”

அவர் ஒன்றும் விளங்காமல் நின்றார். சித்தப்பா மஞ்சள் சீலை என்று சொன்னதும் விளங்கிவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி…”

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை நான் சொல்லவேண்டும். கோயிலில் நூறு பேருக்கு முன்னால் ஒரு சால்வைக்காரரைக் கேள்வி கேட்ட நான், என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு வார் அறுந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பிறகு ஐயாவின் பக்கம் திரும்பி, “ஓம். ரண்டு சீலை வித்தது நான்தான்” என்றார்.

சித்தப்பா கயிற்றைப் பிடுங்கினார். சீலைகள் எல்லாம் சேற்றுத் தண்ணீரில் விழுந்தன. யாரோ மோட்டார்சைக்கிளைத் தள்ளினார்கள், அது பலகையோடு சரிந்தது. தாங்கியிலிருந்த மண்ணெண்ணெய் சட்டைத்துணிகளின்மேல் ஊற்றுப்பட்டது. அவர் ஓடிப்போய் முதலில் துணியைத் தூக்கவில்லை, தாங்கியின் மூடியைத்தான் இறுக்கினார். ஊருக்குத் திரும்பிப் போக அந்த எண்ணெய் வேண்டும்.

கிழமைக்குக் கிழமை அவருடைய சீலைகளை உதறிப் பார்த்த பெண்கள் வேலியோரமாக ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் கிட்டப் போனாள். உதவி செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். விழுந்து கிடந்த ஒரு சட்டைத்துணியைத் தூக்கி, “நனைஞ்சதுதானே, குறைச்சுத் தருவியளோ?” என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் முகம் இப்போதும் எனக்குத் தெரியும். கண்டால் இன்றைக்கும் அவளோடு கதைக்க மாட்டேன்.

அவர் ஒருவரையும் ஏசவில்லை. சீலைகளைப் பிழிந்து, கட்டி, ஏற்றினார். “இனி இந்தச் சந்திப் பக்கம் காணக்கூடாது” என்று சித்தப்பா சொன்னார். அவர் போன பிறகு ஐயா என்னைப் பார்த்து, “பள்ளிக்கு நேரமாகுது, போ” என்றார். போனேன். பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தேன். ஒரு பிள்ளை சிலேட்டைக் கீழே போட்டதற்கு அடித்தேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

பிறகு அவர் எங்கள் ஊருக்கு வரவில்லை. பக்கத்து ஊர்களுக்கும் கதை போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாக்கு மாறியவர், குமர்ப்பிள்ளையின் கலியாணத்தைக் குழப்பியவர் என்று அவரிடம் யாரும் வாங்காமல் விட்டார்கள். நான் பகிடிக்குச் சொன்னது அப்படியே பலித்தது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை மனம் பொறுக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியாலைக்குப் போனேன். விசாரித்து விசாரித்து வீதியோரத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். மோட்டார்சைக்கிளின் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. கயிறு கட்டவில்லை. பலகையில் பத்துப் பன்னிரண்டு சட்டைத்துணியும் சில சாறங்களும் இருந்தன. தோய்த்தும் போகாத எண்ணெய்க் கறை எல்லாவற்றிலும் தெரிந்தது. வாங்க ஒருவரும் இல்லை.

என்னைக் கண்டதும் எழும்பினார். அழுவார் அல்லது ஏசுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். இரண்டும் இல்லை.

“என்ன தங்கச்சி, ஏதும் பாக்கப் போறியளோ?”

“இல்லை அண்ணை. அண்டைக்கு… நீங்கள் ஏன் சொல்லேல்லை? நான்தான் வற்புறுத்தி வாங்கினதெண்டு சொல்லியிருக்கலாமே.”

இப்போது யோசித்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அவர்மேல் குறை சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவர் ஒரு சாறத்தின் மடிப்பைச் சரிசெய்தார். “நான் சொன்னால் ஆர் நம்புவினம்? குமர்ப்பிள்ளையிலை பழி போடுறானெண்டு இன்னும் ரண்டு அடி விழுந்திருக்கும். நீங்கள் சொல்லியிருந்தால் நம்பியிருப்பினம்” என்றார்.

குரலை உயர்த்தவில்லை. “நான் வீட்டிலை சொல்லுறன், அண்ணை. இண்டைக்கே சொல்லுறன்” என்றேன்.

“சொல்லுங்கோ” என்றார். அதை அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வெயிலில் நின்ற என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நானாகத்தான் திரும்பினேன்.

வரும் வழியெல்லாம் சொல்லவேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஐயா செவ்வாய்க்கிழமை அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து மதகடியில் நிறுத்தவேண்டும், எல்லோருக்கும் முன்னால் சொல்லவேண்டும், சித்தப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் நான் சோறு தண்ணி தொடமாட்டேன். இப்படியெல்லாம் முடிவெடுத்துக்கொண்டு படலையைத் தள்ளினேன்.

அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஐயா பக்கத்தில் இருந்து வெங்காயத்துக்குப் பிடி கட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளை விட்டு இறங்கியதும் சொல்லிவிட்டேன்.

“அந்தச் சீலைக்காரரிலை ஒரு பிழையும் இல்லை. ரண்டாவது சீலையை நான்தான் வெருட்டி வாங்கினனான்.”

அம்மா சுளகை நிறுத்தவில்லை. “தெரியும்” என்றார்.

“எப்ப தெரியும்?”

“அந்தத் திங்கக்கிழமையே தெரியும். உன்ரை சிநேகிதியின்ரை தாய் வந்து எல்லாம் சொன்னவ. நீதான் வாங்கிக் குடுத்ததெண்டு வெளியிலை வந்தால், தனக்குப் பேசினதைத் தானே குழப்பினவளெண்டு உன்னை ஒருத்தனும் கட்டமாட்டான். அவளுக்கும் பேசினது குழம்பிப்போயிடும். ரண்டு குமரின்ரை வாழ்க்கை. அவன் ஆர் எங்களுக்கு? வந்தவன், போயிட்டான்.”

திங்கட்கிழமை. மதகடியில் கயிற்றைப் பிடுங்கியது செவ்வாய்க்கிழமை.

நான் ஐயாவைப் பார்த்தேன். “உங்களுக்கும் தெரியுமோ?”

ஐயா வெங்காயத் தாளை முறுக்கிக்கொண்டே, “கத்தாதை, பிள்ளை. ஒழுங்கையிலை ஆக்கள் போகினம்” என்றார்.

நான் கத்தவே இல்லை. மெதுவாகத்தான் கேட்டிருந்தேன்.

மதகடியில் ஐயா போட்ட சத்தம், சித்தப்பா பிடுங்கிய பிடுங்கல், பின்னால் நின்ற அம்மாவின் முகம், எல்லாம் தெரிந்துகொண்டே செய்தவை. அவர் ‘தங்கச்சி’ என்று என்னைக் கூப்பிட்டபோது, நான் வாய் திறக்கமாட்டேன் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பெற்றவர்கள் அல்லவா, என்னைப் பற்றிச் சரியாகத்தான் கணித்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுளகைப் பறித்து எறிந்திருக்கவேண்டும், அரிசி முற்றமெல்லாம் சிதறியிருக்கவேண்டும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா அரிசியைக் கொண்டுபோய்ப் பானையில் போட்டார். கொஞ்ச நேரத்தால் சோறு போட்டு என்னைக் கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டேன்.